இரண்டாவது சூட்டின் எண்

எனக்கு அவசரம் ஆகாது. சாப்பாட்டைக்கூட நன்றாக ஆறவிட்டுத்தான் சாப்பிடுவேன். என் தம்பி நேர் எதிர்; வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று அள்ளிப் போடுகிற ஆள். இருவருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. நீராவிக் குழாய்களுக்கான பிளாஸ்டிக் இணைப்புகளை அவன் வார்ப்பான், நான் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பேன்.

சோதனை எளிது. இணைப்பிலிருந்து கடுகளவு துண்டு வெட்டி, சின்ன அலுமினியக் கிண்ணத்தில் மூடி, பக்கத்தில் ஒரு வெறும் கிண்ணத்தையும் வைத்துக் கருவிக்குள் சூடேற்ற வேண்டும். வெறும் கிண்ணத்தைவிட இது எவ்வளவு அதிகமாக வெப்பம் வாங்குகிறது என்று கருவி கோடு போடும். பிளாஸ்டிக்கில் எத்தனை சதவீதம் படிகமாக இறுகியிருக்கிறது என்பதை அந்தக் கோட்டிலிருந்து கணக்கிடலாம். படிகம் குறைவாக இருந்தால் நீராவியில் இளகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் சூட்டில் தெரிவது, அச்சுக்குள் அந்தத் துண்டு பட்ட பாடு. உருகியதும் அந்தத் தடயம் அழிந்துவிடும். பிறகு கருவியே அதை நிதானமாகக் குளிரவைத்து மறுபடி சூடேற்றும். அப்போது தெரிவது மூலச் சரக்கின் குணம் மட்டும். வார்த்த பொருளுக்கு முதல் சூட்டைத்தான் பார்க்க வேண்டும். இது எங்கள் தொழிற்சாலையில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

தம்பி அச்சின் சூட்டைக் குறைத்தான். சரக்கு சட்டென்று இறுகியது, உற்பத்தி இரட்டிப்பானது. படிகம் உருவாக நேரம் வேண்டுமே என்று கூட்டத்தில் சொன்னேன்.

"அண்ணன் கடுகளவு பிளாஸ்டிக்கை வறுத்து ஜோசியம் சொல்றவரு. அவரைக் கேட்டா அடுத்த வருஷம்தான் சரக்கு அனுப்பணும்," என்றான் அவன். மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். என் பதினெட்டு வருட வேலைக்கு இருந்த மதிப்பு அந்தச் சிரிப்போடு போயிற்று. வயிறு எரிந்தது. அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை.

அவன் சரக்கைச் சோதித்தேன். முதல் சூட்டில் பதினோரு சதவீதம், தேவை இருபத்தெட்டு. தொண்ணூறு டிகிரியிலேயே வெப்ப ஏற்புத்திறன் படியேறியது போல உயர்ந்தது. அங்கேயே இளக ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது சூட்டில் முப்பத்தொன்று. அறிக்கையில் முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று சொல்லாதீர்கள். அதுவும் கருவி கொடுத்த எண்தான்.

நிராகரித்திருக்கலாமே என்கிறீர்கள். நிராகரித்தால் மறுபடி ஜோசியன் என்பார்கள். ஒன்று உடைந்தால்தான் வாயை மூடுவார்கள்.

நீராவி விட்டுப் பார்க்கும் முதல் ஓட்டம் எங்கள் கொதிகலன் அறையிலேயே நடந்தது. தம்பி அறிக்கையோடு வந்து இணைப்பின் பக்கத்தில் நின்றான்.

"அண்ணா, அன்னைக்கு ஏதோ வாய்த்துடுக்கா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க," என்றான். "இது தாங்கும்ல?"

"நம்பரைப் பாருடா," என்றேன்.

நாலு பேர் முன்னால் கேலி செய்தவன் யாருமில்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டான். அது எனக்குப் போதவில்லை.

இணைப்பு ஆறாவது நிமிடத்தில் பிளந்தது. தம்பி இரண்டு நாள் உயிரோடு இருந்தான். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படி ஆச்சு, நீங்கதானே பார்த்தீங்க?" என்று அழுதாள். அச்சின் சூட்டைக் குறைத்ததை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். காரியம் முடிந்த மறுநாள் முதல் சூட்டின் கோடு பதிந்த தாளை மேலாளர் மேசையில் வைத்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

என் அளவீட்டில் பிழை இல்லை. எந்த ஆய்வுக்கூடத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பிப் பாருங்கள், பதினொன்றுதான் வரும். அவசரப்பட்டவன் அவன்.

நீராவியைத் திறந்தபோது நான் ஏன் இரும்புக் கதவுக்கு வெளியே போய் நின்றேன் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அந்த அறையில் முதல் சூட்டின் எண் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.