முழங்கைவரை ஏறும் வளையல்

பம்மலில் ஏறிய ஷேர் ஆட்டோவில் என் எதிரே ஒரு மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் பட்டுப்புடவையில், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்கள். மாமியாருக்கு மெதுவாகப் பேசும் பழக்கம் இல்லை.

“வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது பாரு. மருமவளுக்கு சோறு போடாம வெச்சிகீறான்னு என்னைத்தான் சொல்லுவாங்க.”

“நான்தான் கறி, முட்டை, பால் எல்லாத்தையும் விட்டுட்டேனே அத்தை. வீகன்னு எத்தனை தடவை சொல்றது?”

“கறி வேணாம்னா வெரதம்னு சொல்லி சமாளிக்கலாம். மோர் கூடவா ஆவாது? மாட்டுக்குப் பாவம் பாக்குறியே, எனக்கு யாரு பாவம் பாக்குறது?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும்தானே டெஸ்ட் எடுத்தோம்? எனக்கு எல்லாம் நார்மல். உங்களுக்குத்தான் சுகர்.”

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தாம்பரத்தில் இறங்கியதும் மாமியார் மருமகளின் முந்தானையை இழுத்து, வளையல் போட்ட கையை மூடிவிட்டார்.

“ஏன் இளைச்சிட்டேன்னு எவளாச்சும் கேட்டா, உனக்கும் சுகர்னு சொல்லிடு. என் வூட்ல நல்லா துன்னுதான் வந்துகீதுன்னு நெனைச்சிப்பாங்க.”