தரைப் பந்தி

சுனாமிக்கு அடுத்த வருஷம். திண்டிவனம் பஸ்ஸில் என் முன் சீட்டில் மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் இருவர்.

"தினம் காலையில பூனையாட்டம் முதுக வளைக்கிறேன்," என்றாள் மூத்தவள்.

"எதுக்குக்கா?"

"யோகாடி. உப்பு வாரி வாரி இடுப்பு போச்சு, முட்டியும் மடங்கல. சர்ச்சுல ஒரு டீச்சர் கத்துக் குடுத்தாங்க. மெதுவா செய்யணும், வலிச்சா நிறுத்திடணும்."

"இப்ப தேவலாமா?"

"நேத்து அனுமந்தையில நடந்த கல்யாணத்துல எனக்கு மட்டும் சேர் போட்டாங்க. வேணாம்னுட்டுத் தரையில பந்தியில உக்காந்தேன். சாப்ட்டுட்டு, கைய ஊணாம எழுந்தேன்."

"இனிமே உனக்கு சேர்தான்னு சொன்னாங்களே உங்க நாத்தனார், அவங்க பாத்தாங்களா?"

"அவ சாம்பார் எடுக்க உள்ள போயிருந்தா. அதான் அடுத்த பந்தியிலயும் உக்காந்தேன்."