அந்தக் கருவளையத்துக்கு விருது

வடபழனியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சினிமாவில் இளையவள் மேக்கப், மூத்தவள் ஹேர் டிரெஸ்ஸிங் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“அவார்டு குடுக்கறாங்க, இன்னாத்துக்குடி நடுங்கிக்கினு கீற?”

“நோயாளி மேக்கப்புக்குக் குடுக்கறாங்கக்கா. அந்தக் கருவளையம், ஒட்டுன கன்னம் எதுவும் நான் போட்டதில்ல. நடிச்ச அந்தம்மாவுக்கு நெஜமாவே ஒடம்பு முடியல.”

தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது.

“வேணாம்னு சொல்லிடேன்.”

“ஏன்னு கேப்பாங்களே. வெளிய தெரிஞ்சா அடுத்த படம் போயிடும்னு அந்தம்மா என் கையப் புடிச்சிக்கினு அழுதாங்க. நாளைக்கு மேடையில எப்டி போட்டேன்னு கேட்டா இன்னா சொல்றது?”



“இப்ப எப்டி கீறாங்க?” என்று மட்டும் கேட்டாள் மூத்தவள்.

“தெனமும் நான்தான் போய் மறைச்சு விடறேன். நாளுக்கு நாள் மேக்கப் ஜாஸ்தியா போட வேண்டி கீதுக்கா.”