பாதுஷாவின் கெண்டைக்கால்

பாதுஷா: எந்திரிக்க மாட்டேன்லே.

லிங்கேஷ்: ஏலே, கோல்கீப்பர் நீயே இப்படிக் கெடந்தா எப்படி? எங்க பிடிச்சிருக்கு?

பாதுஷா: கெண்டைக்கால்ல.

லிங்கேஷ்: நீ அமுக்கிக்கிட்டிருக்கது முட்டிய.

பாதுஷா: ...சரி, முட்டியும்தான். இன்னும் எத்தன நிமிஷம் இருக்கு?

லிங்கேஷ்: நாலு. ஒண்ணுக்கு சைபர்ல நாமதான் முன்னால நிக்கோம். எந்திரி.

பாதுஷா: தண்ணி ஊத்து. மெதுவா... மூடியவே மெதுவாத் தொற.

லிங்கேஷ்: கேப்டன் நானா நீயா? நடிச்சது தெரிஞ்சா நடுவர் மூணு நிமிஷம் கூட்டிருவாரு.

பாதுஷா: கூட்டட்டும். தோத்தா உனக்கென்ன, இந்தா இருக்கு உன் வீடு. நான் பெருநாளைக்குக் கடையநல்லூர் போகணும். அந்த டீம் கேப்டன் ரிபாயி யாரு? என் பொண்டாட்டி கூடப்பொறந்தவன். போன வருசம் தோத்துட்டுப் போனதுக்கு, "பந்துதான் பிடிக்க வரல, கறித்துண்டையாவது பிடிங்க மச்சான்"னு வீடே சிரிச்சுதுலே.

லிங்கேஷ்: இவனுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா நடிக்கான்.

பாதுஷா: ஏலே, ஏன் இப்படிக் கத்துத? ரிபாயி பின்னாலதான் நிக்கான்.

லிங்கேஷ்: அய்யோ... கேட்டுட்டானா?

பாதுஷா: கேட்டுட்டான். நடுவர்கிட்டப் போறான்... வீடியோ கேக்குததுக்கு மஞ்சத் துணியத் தூக்கிட்டான்.

நடுவர்: தம்பி, நீங்க நடிக்கீங்க, செல்போன் வீடியோவப் பாக்கணும்ங்காங்க. டீமுக்கு ஒரு தடவதான் கேக்கலாம், அத இப்பக் கேட்டுட்டாங்க. உங்கள யாரும் இடிச்சாங்களா?

பாதுஷா: காத்து இடிச்சுது சார்.

லிங்கேஷ்: வாய மூடுலே.

நடுவர்: ...பாத்தாச்சு. நீங்க விழுந்த எடத்துல ஒரு ஆடுகூட இல்ல. மூணு நிமிஷம் கூட்டுதேன். எந்திரிங்க.

லிங்கேஷ்: நாசமாப் போச்சு. நாலு ஏழாயிருச்சு.

பாதுஷா: ஏழுதான? பந்த மூலைக்கு உருட்டிக்கிட்டுப் போ. எவன் வந்தாலும் முதுகக் காட்டிக்கிட்டு நில்லு. ஓடு...

*

நடுவர்: ஆட்டம் முடிஞ்சுது. சங்கரன்கோவில் ஒண்ணு, கடையநல்லூர் சைபர்.

லிங்கேஷ்: மக்கா... மக்கா...

பாதுஷா: எறங்குலே, கழுத்து ஒடியுது. ஒண்ணு சொல்லுதேன், திட்டக்கூடாது.

லிங்கேஷ்: இன்னைக்கு நீ எது வேணா சொல்லு.

பாதுஷா: நான் விழுறதுக்கு முந்தி ரிபாயி ஒரு ஷாட் அடிச்சாம்லா...

லிங்கேஷ்: ஆமா, பாஞ்சு பிடிச்சியே.

பாதுஷா: பிடிச்சது கோட்டுக்கு உள்ள. ஒரு சாண். அது கோலுலே. அப்படியே உருண்டு வெளிய வந்துட்டேன். ரிபாயி மட்டும் தலையச் சொறிஞ்சிக்கிட்டே நின்னான். அதுக்கு வீடியோ கேட்டுட்டான்னா போச்சு. அந்த ஒரு தடவைய வேற எதுக்காவது செலவழிக்கட்டும்னுதான் விழுந்தேன்.

லிங்கேஷ்: ஒரு சாண் இல்ல, ரெண்டு சாண். நான் நல்லாப் பாத்தேன். பின்ன எதுக்குலே அவன் காதுகிட்ட நின்னு, நடிக்கான்னு கத்துனேன்?