நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

உங்கள் வண்டியை அந்தப் பீக்கன் மரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள், ரூபிகா. கொஞ்சம் தள்ளி நிறுத்துவது நல்லது. ஜூன் மாதத்தில் மேலேயிருந்து பிசின் மாதிரி ஒன்று சொட்டும். வெயிலில் காய்ந்துவிட்டால் பெயிண்டோடுதான் உரிந்து வரும். டெக்ஸாஸில் இந்தப் பேர்லேண்டுக்கு வந்த புதிதில் எனக்கும் இது தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால்தானே தெரியும்.

மூன்றாவது தடவையாக வந்திருக்கிறீர்கள். முதல் தடவை பிரேக்கைப் பற்றிக் கேட்டீர்கள், அடுத்த தடவை என் சிநேகிதர் வாஞ்சிநாதனின் கண் பார்வையைப் பற்றி. இரண்டு தடவையும் என் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனீர்கள். இன்றைக்குக் காபி வேண்டாம் என்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. போனை ரெக்கார்டிங்கில் போட்டு மேஜைமேல் வைத்தீர்கள், பக்கத்தில் விபத்து நடந்த அன்று எடுத்த ஒரு போட்டோவையும் வைத்தீர்கள்.

"அங்கிள், தேசிக்காய் நாலும் டயருக்குப் பின்பக்கம் கிடக்கு. ஒண்டும் நசுங்கேல்லை. அப்ப அவர் பின்னுக்கு எடுக்கத்தானே வெளிக்கிட்டவர்?"

தேசிக்காய் என்றால் எலுமிச்சம்பழம் என்று பிடிபட எனக்கு ஒரு கணம் ஆயிற்று. போலீஸ்காரர்களும் இதே போட்டோவைப் பார்த்தவர்கள்தான். யாரோ மளிகைப் பையைத் தவற விட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். எழுபத்து நான்கு வயசுக்காரர், வண்டியை முன்னால் எடுக்கும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார் என்று எழுதி மூடிவிட்டார்கள். பூஜை போட்ட வண்டி எந்தப் பக்கம் நகரப் போகிறதோ அந்தப் பக்கம்தான் பழத்தை வைப்பார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களை அனுப்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நியூ ஜெர்சியில் வளர்ந்த பெண், வாகன பூஜை பார்த்த கண்.

சொல்லிவிடுகிறேன். ஆனால் கெண்ட்ரிக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள்.

மிச்சிகனில் தண்ணீர் பம்பு செய்துகொண்டிருந்த ஒருவர் 1904இல் ஆரம்பித்த கார் கம்பெனி அது. ஒரு காலத்தில் ஊரில் பெரிய டாக்டர் என்றால் வாசலில் கெண்ட்ரிக் நிற்கும். 1956இல் வந்த மெரிடியன் மாடலில் கதவைச் சாத்தும் சத்தத்தைக் கேட்பதற்காகவே மறுபடி திறந்து சாத்துவேன் நான். 1978இல் ஒரே வருஷத்தில் ஆறு லட்சம் வண்டி விற்றார்கள். நான் 1985இல் நியூ ஜெர்சி ஆலையில் கியர்பாக்ஸ் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, ஏதோ பெரிய குடும்பத்தில் பெண் எடுத்தவன் மாதிரி எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்புறம் மீட்டிங் மேல் மீட்டிங். டாஷ்போர்டில் கடிகாரம் எதற்கு, எல்லோர் கையிலும் வாட்ச் இருக்கிறதே என்றார் ஒருவர், கடிகாரம் போயிற்று. கதவுக் கைப்பிடி பிளாஸ்டிக்கில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்றார் இன்னொருவர். பிறகு ஒரே உடம்புக்கு நான்கு பெயர் ஒட்டி நான்கு கடையில் விற்றார்கள். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கெண்ட்ரிக்கை யாரும் கொல்லவில்லை, ரூபிகா. ஆளுக்கு ஒரு திருத்தம் செய்தார்கள், அவ்வளவுதான். 2001இல் எங்கள் ஆலையை மூடினார்கள், 2003இல் கடைசி வண்டி வெளியே வந்தது. அன்றைக்கு டிவியில் அதைப் பார்த்துவிட்டு அழுதேன். என் அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை.

வாஞ்சி எனக்கு நியூ ஜெர்சியிலிருந்தே பழக்கம். ரிடையர் ஆன பிறகு இரண்டு பேரும் இங்கே வந்து, ஒரே காலனியில் நாலு வீடு தள்ளி வீடு வாங்கினோம். விக்டோரியா பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி எச்சத்துக்கு நடுவில் கிடந்த 1956 மெரிடியனை அவர்தான் வாங்கினார். பத்திரம் அவர் பேரில். பதினோரு வருஷம் என் கராஜில் வைத்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டியது நான். எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. சாயங்காலம் ஆனால் வாஞ்சி வருவார், பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். ஸ்டியரிங்கை ஒரு நாள்கூட அவர் கையில் நான் கொடுத்ததில்லை.

இந்த மார்ச்சில் அவர் பிள்ளை க்ரிஷ், கலிபோர்னியாவில் குபெர்டினோவிலிருந்து போன் செய்தான். அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள் பரிசு ஒன்று தரப் போகிறானாம். அங்கே பக்கத்தில் மில்பிடாஸில் தெரிந்த ஒரு கடையில் வண்டியைக் கொடுத்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எடுத்துப் போட்டுவிட்டு பேட்டரி வைத்து எலெக்ட்ரிக் ஆக்கப் போகிறானாம். புகை கிடையாது, சத்தம் கிடையாது, அப்பாவே ஓட்டலாம். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"க்ரிஷ், அந்த கியர்பாக்ஸை நான் ரெண்டு வருஷம் ரீபில்ட் பண்ணினேன்டா" என்றேன்.

"கம் ஆன் அங்கிள். இட்ஸ் ஜஸ்ட் அன் எஞ்சின்" என்று சிரித்தான். நல்ல பையன். அந்த மீட்டிங்குகளில் உட்கார்ந்தவர்களும் நல்லவர்கள்தான்.

வாஞ்சி தடுப்பார் என்று நினைத்தேன். அவரோ பிள்ளை செய்வதில் பூரித்துப்போனார். "நம்ம ரெண்டு பேருக்கும் வயசாயிடுத்து, பத்து. கொழந்தை ஆசைப்படறான், பண்ணிட்டுப் போகட்டுமே" என்றார். பத்து என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஒரே ஒரு ஆசை அவருக்கு: வண்டி லாரியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு பூஜை போட்டு, பழைய எஞ்சினோடு ஒரே ஒரு தடவை அவரே ஓட்ட வேண்டும். ஏப்ரல் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை லாரி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அவர் பின்னால் எடுக்கத்தான் பார்த்தார். வண்டி அவர் வீட்டு டிரைவ்வேயில், கராஜைப் பார்த்து நின்றது. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் ரிவர்ஸ்தான். அதனால்தான் அர்ச்சகர் பழங்களை டயருக்குப் பின்னால் வைத்தார்.

இன்றைய வண்டிகளில் பார்க்குக்கு அடுத்தது ரிவர்ஸ். 1956 கெண்ட்ரிக்கில் அப்படி இல்லை. பார்க், நியூட்ரல், டிரைவ், லோ, எல்லாவற்றுக்கும் கடைசியில் ரிவர்ஸ். இதை நான் வாஞ்சியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது தப்பு என்றால் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் என்னையே பார்க்கிறீர்கள். ஸ்டியரிங்குக்கு மேலே எழுத்துத் தகடு இருந்திருக்குமே, அதில் வரிசை எழுதியிருக்குமே என்று கேட்கப் போகிறீர்கள். இருந்தது. எழுத்து மங்கிப்போயிருந்ததால், புதுப்பிக்கலாம் என்று அதற்கு முந்தின வாரம் நான்தான் கழற்றினேன். பழைய தகடு, அவசரப்படக் கூடாது.

வண்டியைக் கொண்டுபோய்க் கராஜைப் பார்த்து நிறுத்தியதும் நான்தான். வேறு யாரையும் நான் ஓட்ட விடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாஞ்சி ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் குனிந்து ஒரு வார்த்தை சொன்னேன். "லீவரைப் பார்க்குலேந்து ஒரு கட்டம் இழு, அதான் ரிவர்ஸ். கொஞ்சம் அடம்பிடிக்கும். பிடிக்கலேன்னா பிரேக்கை விட்டுட்டு, நன்னா ஆக்ஸிலரேட்டரை அழுத்திண்டே இன்னொரு கட்டம் இழு." அவர் தலையாட்டினார், சிறுபிள்ளை மாதிரி சந்தோஷம் முகத்தில். இதை அவர் இன்றுவரை போலீஸிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. நல்லதுக்குச் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. கராஜுக்குள் நிழலாக இருந்தது. பூஜைக்காக வந்திருந்த க்ரிஷ், குபெர்டினோவில் இருந்த மனைவி ப்ரியம்வதாவுக்கு வீடியோ காலில் பூஜையைக் காட்டிக்கொண்டிருந்தான். "ஏண்டா வெயில்ல நிக்கறே? உள்ளே போய் நின்னு எடு, முன்னாடிலேந்து எடுத்தாதான் கிரில் அழகா விழும்" என்றேன். வண்டி பின்னால்தானே போகப் போகிறது, அவனுக்கு என்ன பயம்? கராஜ் கடைசியில் இருந்த மர மேஜையில் சாய்ந்து நின்றுகொண்டான். அவன் அம்மா ஷ்யாமளாவும் அவன் பக்கத்தில் போகப் பார்த்தார். ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்துவிட்டது, ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று அவரை வீட்டுக்குள் அனுப்பினேன். அப்படி ஒன்றும் நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை.

வாஞ்சி ஒரு கட்டம் இழுத்தார். நியூட்ரல். எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் சொன்னபடியே இன்னொரு கட்டம் இழுத்தார். டிரைவ்.

மேஜைக்கும் வண்டிக்கும் நடுவில் பதினோரு அடி.

சத்தம் அடங்கியதும் முதலில் வண்டிக்கு ஓடியது நான். கையை உள்ளே விட்டு லீவரைப் பார்க்குக்குத் தள்ளி, எஞ்சினை அணைத்தேன். அந்த நேரத்திலும் எவ்வளவு நிதானம் என்று பிறகு பலபேர் என்னைப் பாராட்டினார்கள். க்ரிஷின் போன் தரையில் கிடந்தது. அதில் ப்ரியம்வதா "என்ன ஆச்சு? க்ரிஷ்? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இணைப்பைத் துண்டித்ததும் நான்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் போய்விட்டான்.

வாஞ்சிக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. இந்த இரண்டு மாதமும் ராத்திரிச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோகிறேன். ஷ்யாமளா அவரோடு பேசுவதில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்து வலது காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "என் கால்தான் பத்து. என் பிள்ளையை என் கால்தான் கொன்னுடுத்து" என்கிறார். "வயசானா யாருக்கும் வர்றதுதான், மனசைத் தளர விடாதே" என்று கையைப் பிடித்துக்கொள்வேன். அந்த நேரத்தில் எனக்கே கண் கலங்கிவிடும். நிஜமான வருத்தம்தான், நடிப்பில்லை.

பயமுறுத்தத்தானே செய்தீர்கள், இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாதுதானே என்கிறீர்கள். எனக்காக ஒரு கதவைத் திறந்து வைக்கிறீர்கள், நன்றி. ஆனால் ரெக்கார்டிங் ஓடுகிறது, சரியாகவே பதிவாகட்டும். பதினோரு அடி என்று எனக்கு முன்னாலேயே தெரியும். என் வீடும் அவர் வீடும் ஒரே பில்டர் கட்டியது. டிரைவ்வேயும் கராஜும் அச்சாக ஒரே அளவு. பூஜைக்கு முந்தின வாரம் என் டிரைவ்வேயில் மூன்று தடவை ஒத்திகை பார்த்தேன். மேஜை இருக்க வேண்டிய இடத்தில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கினேன். வேறு எதையாவது வைத்தால் பம்பரில் கீறல் விழும். மூன்று தடவையும் பெட்டிகள் சப்பையாகிவிட்டன. க்ரிஷைக் கொல்ல வேண்டும் என்று முடிவு செய்துதான் செய்தேன், அவனுடைய அப்பா கையால்.

அப்படியென்றால் மனசாட்சி உறுத்தி இன்று சொல்கிறீர்களா என்று கேட்கிறீர்கள். உறுத்தாமல் இருக்குமா? ஆனால் காரணம் அது இல்லை. இப்போது வண்டி பக்கத்து ஊர் ஆல்வினில், விபத்து வண்டிகளை நிறுத்தும் ஒரு டோ யார்டில் திறந்தவெளியில் நிற்கிறது. தினமும் போய் மேலே தார்ப்பாய் போட்டுவிட்டு வருகிறேன். வாஞ்சி அதை நசுக்கச் சொல்லிவிட்டார். "நானே நின்னு பாக்கணும் பத்து, அது தகடாப் போறதை நான் பாக்கணும்" என்றார். விலைக்குக் கேட்டேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நாளைக் காலை பத்து மணிக்கு கிரஷர் வருகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

இனி நீங்கள் போட முடியாது. இந்த ரெக்கார்டிங்கைக் கேட்டதும் போலீஸ், வண்டியை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிடும். கொலை வழக்கின் சாட்சிப்பொருளை நசுக்க முடியாதல்லவா? கேஸ் முடிய வருஷக்கணக்காகும், அதுவரை எங்காவது கூரைக்கடியில் நிற்கும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை எஞ்சினைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள், இந்த ஊர் ஈரக் காற்று பொல்லாதது. என்னைப் பற்றிக் கவலையில்லை. கெண்ட்ரிக்கை ஒருவனாவது காப்பாற்றினான் என்று இருக்கட்டும்.

எழுந்துவிட்டீர்களா? போன் செய்யுங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன். போவதற்கு முன் ஒன்றே ஒன்று. அந்த எழுத்துத் தகடு என் மேஜையின் இரண்டாவது டிராயரில் துணியில் சுற்றி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். யார்டிலிருந்து வண்டியை எடுப்பவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: பார்க்குக்கு அடுத்தது நியூட்ரல், அப்புறம் டிரைவ், அப்புறம் லோ, கடைசியில்தான் ரிவர்ஸ். சொல்லாமல் விட்டால் அந்த முன் பம்பருக்கு மறுபடியும் அடிபட்டுவிடும்.