மூன்றாம் இலக்க எஞ்சின்

பொம்மை ரயிலுக்கும் கோளாறு வருமா என்று அயலில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். வரும், சுகந்தினி. உன் அப்பாவின் எஞ்சின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் வயிற்றுக்குள் ஒரு சிப் இருக்கிறது. எந்த இலக்கத்தில் கூப்பிட்டால் அசைய வேண்டும், எவ்வளவு மெதுவாகப் புறப்பட வேண்டும், எது முன்பக்கம் என்பதையெல்லாம் கொன்ட்ரோலரால் அதற்குள் பதியலாம். ரயில்வேயில் முப்பது வருடம் சிக்னல் வேலை பார்த்தவருக்கு ஓய்வுக்குப் பிறகு அதுதான் உலகம். வாவியைப் பார்த்த அறையில் தண்டவாளம் போட்ட முதல் கிழமையே எனக்கும் பழக்கித் தந்தார். நான் கணக்கு ரீச்சர். ஒரு தடவை காட்டினால் போதும்.

போன வருடம் எங்கள் இருவரையும் மெல்பனுக்குக் கூப்பிட்டாய். அவருக்கு விசா கிடைத்தது. என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்ததால் எனக்கு மறுத்துவிட்டார்கள்.

"ஆறு மாசம்தானே, திரேசா. மறுகா வந்திருவன்," என்றார்.

அவருடைய குளிர்ச் சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்தவள் நான்தான். கோபம் வரவில்லை. என்னால் தனியாக இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மறுநாள் அவர் காலைப் பூசைக்குப் போனதும் எஞ்சினின் இலக்கத்தை 3 இலிருந்து 8 ஆக மாற்றினேன். எஞ்சினுக்குப் பதிந்ததையெல்லாம் அவர் குறித்து வைத்த கொப்பியிலும் 3 ஐ 8 ஆக்கினேன். அவருடைய பேனையால் இரண்டு சின்ன வளைவு போதுமாக இருந்தது. வந்தவர் மூன்றை அழுத்தினார். எஞ்சின் அசையவில்லை. வயரைக் கழற்றிப் பூட்டினார், சில்லுகளைத் துடைத்தார். மதியம் கொப்பியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மூண்டுதானே எழுதினநான்?"

"எட்டெண்டுதான் சொன்னீங்க," என்றேன்.

அடுத்த கிழமை முன்பக்கத்தைப் பின்பக்கமாக்கினேன். பிறகு புறப்படும் வேகத்தைக் கூட்டினேன். எஞ்சின் முதல் வளைவிலேயே தடம் புரண்டு நிலத்தில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் கொப்பி என் பக்கமே நின்றது. இரண்டு மாதத்தில் அவர் தன் கையெழுத்தையே நம்பாமல் போனார். கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார். பூட்டியிருந்தார். இல்லை என்றேன்.

டொக்டரிடம் கூட்டிப்போனேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பா என் முகத்தைப் பார்த்தார். பதில்களை நான் சொன்னேன். மனம் அமைதியாக இரவில் மட்டும் அரைக் குளிசை என்று டொக்டர் எழுதித் தந்தார். நான் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தேன். பயணம் நின்றது. நீ ஃபோனில் அழுதாய். நானும் அழுதேன், அது பொய்யில்லை.

அப்பாவோடு வேலை செய்த நல்லரத்தினம் கொக்கட்டிச்சோலையிலிருந்து பார்க்க வந்தார். எஞ்சினைத் திருத்தித் தருகிறேன் என்று கொண்டுபோனவர் ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்ட வீட்டில ஒரு நாளும் பிழை விடல்ல, அக்கா. சிப் தானா இலக்கத்த மாத்தாது. பஸ்தியண்ணனுக்கு மறதியும் இல்ல. இஞ்ச ஆரோ மாத்தியிருக்காங்க."

நான் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். உனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னதும் அவர்தான் என்று தெரியும்.

ஓம், மாற்றியவள் நான். கொப்பியைத் திருத்தியதும் நான், குளிசையைக் கூட்டியதும் நான். இனி குளிசையை நிறுத்திப் பார்ப்போம் என்கிறாய். வேண்டாம், பிள்ளை. அவர் அமைதியாக இருக்கிறார். பின்னேரங்களில் கேற்றைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருப்பார். நான் யாரென்று அவருக்கு இப்போது தெரிவதில்லை.

"என்ட திரேசா எப்ப வருவா?" என்று என்னிடமே கேட்பார்.

வந்துவிடுவா என்று சொல்லித் தலையைத் தடவிவிடுவேன். நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் எனக்காக இப்படிக் காத்திருந்ததே இல்லை.