அம்மாவின் வேண்டுதல்

வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்துக்குப் போய்ப் பரசுராமன் எப்படிப்பட்டவர் என்று கேட்டுப்பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை என்பார்கள். என் மச்சான் சகாதேவன் உங்களிடம் கொடுத்த மனுவில் என்னைக் கொலைகாரன் என்கிறார். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிறவர், நுழைவுத் தேர்வைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

என் மகள் எழிலரசிக்குப் போன வருடம் அரை மார்க்கில் டாக்டர் சீட்டு போயிற்று. ஊரெல்லாம் வந்து ஆறுதல் சொன்னார்கள், சாவு வீடே தோற்றது. நான் அழவில்லை. ப்ளஸ் டூவை இம்ப்ரூவ்மெண்ட் எழுதலாம், மே மாதம் நுழைவுத் தேர்வையும் இன்னொரு தடவை எழுதலாம் என்று அரசாங்கமே வழி வைத்திருக்கும்போது அழுவானேன்? நாமக்கல் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்தேன். அந்தப் பக்கம் கோழிகளையும் பிள்ளைகளையும் ஒரே முறையில்தான் வளர்க்கிறார்கள். வேளைக்குத் தீனி, வெளியே விடுவதில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் என் மனைவி ஆதிலட்சுமிக்கு வயிற்றில் கட்டி வந்தது. நல்ல நேரம் பார்த்து எதையும் செய்யத் தெரியாதவள். பொங்கலுக்கு முன்பே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று வேலூர் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் பெண் படிப்பை விட்டு ஓடி வருவாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பாள். அதனால் மே மாதம் செய்துகொண்டால் போதுமென்று டாக்டர் சொன்னதாக ஆதியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். கத்தி என்றால் அவளுக்குப் பயம்.

அடுத்த மாதத்திலிருந்து அவளால் பஸ் ஏற முடியவில்லை. அம்மா ஏன் வரவில்லை என்று எழில் துளைத்தெடுத்தாள். ஒரு வேண்டுதலைச் சொன்னேன். உனக்குச் சீட்டு கிடைக்கும்வரை உன் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலும் கேட்பதில்லை என்று அம்மா அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோடு மலை சுற்றுகிறாள் என்றேன். நம் ஊரில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பாருங்கள். எழில் கொஞ்ச நேரம் அழுதாள்.

"கல்லு குத்துமேப்பா. செருப்பாவது போட்டுக்கச் சொல்லு. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள்.

அந்த வாரத் தேர்வில் அவள்தான் விடுதியில் முதல். அம்மா நடக்கிறாள் என்ற நினைப்பிலேயே படித்தாள். ஆதி அப்போது பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டு போய் விட்டேன். அங்கே ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ எழில கண்ணுல காட்டுங்க. நான் பேசக்கூட மாட்டேன், பாத்துட்டு அனுப்பிடறேன்" என்றாள். பரீட்சை முடியாமல் வர மாட்டேன் என்று எழிலே சொல்லிவிட்டதாகச் சொன்னேன். "சரி, புள்ள படிக்கட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, கல் இல்லையே நான்.

பெண் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று மச்சான் பிடிவாதமாக நின்றார். நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினேன். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் வருகிற ஒரு காபிக் கடை இருக்கிறது. நம் ஜனங்கள் யாரும் அங்கே எட்டிப் பார்க்க மாட்டார்கள். சாயங்காலம்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். காபி சுமார்தான். திரும்பிப் போய், பெண் வர மறுத்துவிட்டாள் என்று சொன்னேன். அங்கிருந்த பெண்கள் எழிலைத் திட்டி மண்ணை வாரித் தூற்றினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு கோபத்தில் இருக்கிறவர்கள் விடுதிக்கு ஆள் அனுப்பி விஷயம் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

எங்களுக்கு மகன் இல்லை என்பதால் கருமாதிக்கு நான்தான் மொட்டை போட்டுக்கொண்டேன். விடுதிக்குப் போனபோது எழிலிடம் திருப்பதி மொட்டை என்றேன். லட்டு எங்கே என்று கேட்டாள். அதை மறந்துபோனது என் தவறு.

ஜூனில் மார்க் வந்தது. எழிலின் கட் ஆஃப் போன வருடத்தைவிட நான்கு மார்க் ஏறியிருந்தது, ஐயா. நான்கு! அம்மா இல்லை என்று தெரிந்திருந்தால் வருமா இது? வேண்டுதல் முடியும்வரை அம்மா மாமா வீட்டில்தான் இருப்பாள் என்று சொல்லி, கவுன்சிலிங்வரை தாக்குப்பிடிக்கலாம் என்றிருந்தேன். இவள் என்னைக் கேட்காமல் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு, சீட்டு உறுதி, இனிமேல் அம்மா முகத்தைப் பார்க்கலாம் என்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

வாசலிலேயே மச்சான் மறித்திருக்கிறார். "பொணத்தப் பாக்க வராதவ இப்ப யாரப் பாக்க வந்த?" என்று கேட்டிருக்கிறார். மாமா விளையாடுகிறார் என்று இவள் சிரித்திருக்கிறாள். உள்ளே மாலை போட்ட படத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றதாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, வேலூர்வரைக்கும் போய் டாக்டரை விசாரித்து, இப்போது என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டது நான்தான். உடனே செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னதும் உண்மைதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் கவலையெல்லாம் திங்கட்கிழமை கவுன்சிலிங். இவள் போக மாட்டேன் என்கிறாள். நேற்று ஸ்டேஷன் வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?"

அவசரத்தில் ஏதாவது உளறிவிடக் கூடாதே என்று பதில் சொல்லவில்லை. இரவெல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். என் மகள் டாக்டராக வேண்டும், எது நடந்தாலும் அவள் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்பேன். நீங்கள் அவளை ஐந்து நிமிடம் உள்ளே கூப்பிட்டால் போதும், ஐயா. அம்மா பேரைச் சொன்னால் அவள் எதையும் நம்புவாள்.